எது மெயின், எது சைடு? – ஒரு மெல்பர்ன் நாட்குறிப்பு

2024 ஜூன் 16, ஞாயிறு

மதுரையிலிருந்து மச்சான் வந்து பத்து நாளாகிறது. ஜூன் மாதக் குளிரில் மங்கி குல்லாவைக் கழற்றாமலே மெல்பர்னில் பாதியைப் பார்த்து முடித்துவிட்டார். இன்று தாவரவியல் பூங்காவைச் சுற்றிவிட்டு யாரா ஆற்றங்கரைக்கு வந்தோம். மூன்று வளைவுள்ள பழைய பாலம் ஒன்று அங்கே இருக்கிறது, மொரெல் பாலம். அதன் மேல் நின்று கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் தட்டாமல் விடமாட்டார்.

“என்ன மாப்ளே, கல்லா?”

“காங்கிரீட் மச்சான். 1899ல கட்டினது.”

நம்பவில்லை. கரைக்கு இறங்கிப் போய் வளைவின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். கம்பி போட்ட காங்கிரீட் அன்றைக்குப் புதுச்சரக்கு. மோனியர் என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் பூந்தொட்டி உடையாமல் இருக்கக் கம்பி வலை வைத்து சிமெண்ட் பூசிப் பார்த்தார். அங்கிருந்து கிளம்பிய முறை இது. விக்டோரியா மாநிலத்தில் இதைப் பாலமாகப் போட்டுக் காட்டியது மோனாஷ், ஆண்டர்சன் என்ற இரண்டு எஞ்சினியர்களின் கம்பெனி. இப்போது இதில் கார் போவதில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான்.

“மோனாஷா? உங்க வீட்டுக்கு வர்ற ஹைவே பேரு?”

“அவரேதான். யுனிவர்சிட்டி பேரும் அவர்தான். நூறு டாலர் நோட்டுலயும் இருக்காரு.”

“எஞ்சினியரை எதுக்கு நோட்டுல போட்டாங்க?”

“ஜெனரல் மச்சான். முதல் உலகப் போர்ல பிரான்ஸ்ல சண்டை போட்ட ஆஸ்திரேலியப் படைக்குத் தலைமை.”

“இப்பத்தானே எஞ்சினியர்னீங்க. எது மெயின், எது சைடு?”

பதினைந்து வருடமாகத் தினம் அந்த ஹைவேயில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பதில் வரவில்லை.

2024 ஜூன் 19, புதன்

கேள்வி மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு ராத்திரியாக அந்த மனிதரைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜான் மோனாஷ் 1865 ஜூன் 27 அன்று மேற்கு மெல்பர்னில் பிறந்தவர். அப்பா அம்மா, பிரஷ்யாவின் ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியிலிருந்து குடியேறிய யூதர்கள். வீட்டில் ஜெர்மன் பேச்சு. பள்ளியில் முதல் மாணவர்களில் ஒருவர். யுனிவர்சிட்டிக்குப் போன முதல் வருடம் ஃபெயில். வகுப்புக்குப் போகாமல் பொது நூலகத்திலும் நாடகக் கொட்டகையிலும் கிடந்திருக்கிறார். படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், வீட்டில் பணமுடை வந்து, படிப்பை நடுவில் விட்டுவிட்டு பாலம் கட்டும் வேலைக்குப் போனார். 22 வயதில் ஒரு ரயில் பாதை வேலை முழுக்க அவர் பொறுப்பில். விட்ட படிப்பை வேலை பார்த்துக்கொண்டே முடித்தார்: எஞ்சினியரிங், அதில் முதுகலை, பி.ஏ., சட்டம். 1895-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பியானோ வேறு நன்றாக வாசிப்பார். இப்படிப்பட்ட சித்தப்பா ஒருவர் குடும்பத்தில் இருந்தால் மற்ற பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான்.

இதற்கெல்லாம் பக்கத்தில் இன்னொரு ஓட்டம். 1884-இல் யுனிவர்சிட்டி மாணவர்களுக்கான மிலிஷியா கம்பெனியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்கிறார். மிலிஷியா என்றால் பகுதிநேரப் பட்டாளம். பகலில் அவரவர் தொழில், மாலையிலும் விடுமுறையிலும் பயிற்சி, வருடத்துக்கொரு முகாம். 1887-இல் துறைமுகத்தைக் காக்கும் பீரங்கிப் படையில் அதிகாரி. ரஷ்யக் கப்பல் வந்துவிடுமோ என்று ஊரே பயந்திருந்த காலம். கப்பல் வரவில்லை. 1897-இல் மேஜர். வடக்கு மெல்பர்ன் பீரங்கி அணிக்குப் பதினோரு வருடம் அவர்தான் தலைவர். 1908-இல் லெப்டினன்ட் கர்னலாகி உளவுப் பிரிவில் வரைபட வேலை. 1913-இல் கர்னல், கையில் ஒரு பிரிகேட், அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படை.

முப்பது வருடம். அதுவரை ஒரு போரையும் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த பகுதிநேரப் பட்டாளம் என்.சி.சி. ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பரேடு, முடிந்ததும் பூரி கிழங்கு. நான் பூரிக்குப் போனவன். ‘பி’ சர்டிபிகேட்டோடு முடிந்தது. முப்பது வருடம் ஒருவர் அந்தப் பரேடுக்கு விடாமல் போனார் என்றால் பூரியைத் தாண்டி ஏதோ இருந்திருக்க வேண்டும். யூதர், ஜெர்மன் வாடையுள்ள பெயர், சொந்தக் காலில் மேலே வந்தவர். ஊரின் பெரிய மனிதர்கள் வட்டத்துக்குள் நுழைய அந்த உடுப்பு ஒரு வாசல். அந்த ஆசை அவருக்கு உண்டு, அதை அவர் மறைக்கவும் இல்லை.

2024 ஜூன் 27, வியாழன்

இன்று அவர் பிறந்தநாள். எனக்கு நல்ல நாளாக இல்லை. காலை ஆறரைக்கு காங்கிரீட் போட வேண்டியது. பம்ப் ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு லாரி காங்கிரீட் வீண். அட்டவணை போட்டவன் நான். பம்ப்காரரிடம் முந்தைய நாள் உறுதி செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். யார் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. ஒருவரும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து, ஆறுதலுக்கோ என்னவோ, மோனாஷின் கெட்ட வருடங்களைப் படித்தேன். 1901, பெண்டிகோ நகரில் அவருடைய கம்பெனி கட்டிய காங்கிரீட் வளைவுப் பாலம். ஒப்படைக்கும் முன் பாரம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். ரோடு ரோலரும் நீராவி எஞ்சினும் மேலே ஏறியபோது பாலம் இடிந்து விழுந்தது. ஒருவர் செத்துப்போனார். கம்பெனி சொந்தச் செலவில் திரும்பக் கட்டிக்கொடுத்தது. ஏற்கெனவே ஃபையன்ஸ்ஃபோர்டில் கட்டிய பெரிய பாலத்துக்குப் பணம் தராமல் இழுத்தடித்து, அது கோர்ட் வரை போயிருந்தது. கடன் கழுத்து வரை. அதிலிருந்து மேலே வர ஐந்தாறு வருடம் ஆனது. 1905-க்குப் பிறகுதான் காங்கிரீட் கம்பெனியில் காசு வரத் தொடங்கியது.

சட்டம் படித்த எஞ்சினியர் என்பதால், ஒப்பந்தத் தகராறுகளில் சாட்சி சொல்லவும் வாதாடவும் ஊர் ஊராகப் போயிருக்கிறார். எது கணக்கில் வரும், எது வராது, எந்த வார்த்தையை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிப்பார்கள் என்பதையெல்லாம் பணம் தோற்றும் ஜெயித்தும் கற்றுக்கொண்ட ஆள். “யார் செய்ய வேண்டும்” என்று எழுதாமல் விட்டிருக்க மாட்டார்.

மச்சானிடம் பம்ப் கதையைச் சொன்னேன். “எங்க டிபார்ட்மெண்ட்ல லாரியே வராது மாப்ளே” என்றார்.

2024 ஜூன் 30, ஞாயிறு

மச்சானை போர் நினைவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். தூண்களைத் தட்டினார். இந்த இடம் எழும்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வேலையையும் மேற்பார்த்தவர் மோனாஷ். 1934-இல் திறந்தபோது அவர் இல்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து, துருக்கிக் கடற்கரையில் நடந்த கலிப்பொலி சண்டையின் கதை சொன்னேன்.

1914-இல் போர் வந்தபோது சட்டப்படி மிலிஷியாவை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால் தொண்டர்களை மட்டும் வைத்துப் புதிதாக ஒரு படை திரட்டினார்கள். அது கடைசி வரை தொண்டர் படையாகவே இருந்தது. கட்டாய ஆள்சேர்ப்புக்கு இரண்டு முறை வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். மோனாஷுக்கு 49 வயது, கொஞ்சம் தொந்தி. நான்காவது பிரிகேடைக் கொடுத்தார்கள். ஜெர்மன்காரன் மகனுக்கா என்று முணுமுணுப்பும் எழுந்தது.

1915 ஏப்ரல் 26-இல் அந்தக் கடற்கரையில் இறங்கினார். மேட்டு நிலத்துக்குப் போகும் ஒரு பள்ளத்தாக்கை அவருடைய ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்றும் அதற்கு மோனாஷ் பள்ளத்தாக்கு என்றுதான் பெயர். ஒரு வாரத்தில், மே 2 ராத்திரி, மேட்டை நோக்கி ஒரு தாக்குதல். மேலிடத்து உத்தரவு அவசரம், பக்கத்துப் படை நேரத்துக்கு வந்து சேரவில்லை. நூற்றுக்கணக்கில் ஆட்கள் போனார்கள். ஆகஸ்டில் இன்னொன்று: இருட்டில், வரைபடம் சரியில்லாத ஓடைகளுக்குள் புகுந்து 971-ஆம் குன்றைப் பிடிக்க வேண்டும். குறுக்குவழி என்று நம்பிப் போன பாதை நேரத்தைத் தின்றது. விடிந்தபோது தாங்கள் எங்கே நிற்கிறோம் என்றே யாருக்கும் தெளிவில்லை. குன்று கிடைக்கவில்லை.

“கூட நம்மாளுங்க இருந்தாங்களா?” என்றார் மச்சான்.

இருந்தார்கள். அதே ஆகஸ்ட் ராத்திரி அதே அணியில் நடந்தது 29-ஆவது இந்திய பிரிகேட், சீக்கியர்களும் கூர்க்காக்களும். மோனாஷின் ஆட்களுக்குப் பக்கத்து ஓடைகளில் அவர்களும் செத்தார்கள்.

அந்த ஆகஸ்டில் மோனாஷ் தடுமாறினார், கோபப்பட்டார், முன்னே போய் இழுத்துப் பிடிக்கவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. எனக்கு அதில் பாதி நியாயமாகப் படுகிறது. முன்னே நின்று வாளை உருவும் ஆள் அவர் இல்லை. டிசம்பரில் மொத்தப் படையையும் எதிரிக்குத் தெரியாமல் கப்பலேற்றி வெளியே கொண்டுவந்தார்கள். எந்த ராத்திரி எத்தனை பேர், எந்த வழியில், எத்தனை மணிக்கு என்று நிமிஷக் கணக்கில் எழுதி நடந்த காரியம். ஏறத்தாழ ஆள்சேதமே இல்லை. எட்டு மாதத்தில் திட்டம் போட்டபடி நடந்த ஒரே வேலை திரும்பி வந்ததுதான்.

2024 ஜூலை 4, வியாழன்

இன்றோடு ஹாமெல் சண்டை நடந்து 106 வருடம். நான் பிளானிங் எஞ்சினியர். எனக்கு இந்த நாள்தான் தீபாவளி.

1918 மே கடைசியில் பிரான்சில் ஐந்து ஆஸ்திரேலிய டிவிஷன்களும் சேர்ந்த கோர் மோனாஷ் கைக்கு வந்தது. லெப்டினன்ட் ஜெனரல். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். ஐந்து வாரத்தில், அமியான் நகருக்குக் கிழக்கே ஹாமெல் என்ற கிராமத்தையும் அதன் பின்னால் இருக்கும் மேட்டையும் பிடிப்பதாகத் திட்டம். சின்ன வேலைதான். ஆனால் அதற்கு அவர் போட்ட வேலை சின்னது இல்லை.

முதல் தலைவலி டாங்க். ஏறத்தாழ 60 டாங்குகள் வருகின்றன. ஆட்களில் ஒரு பகுதி அவருடைய பழைய நான்காவது பிரிகேட். முந்தைய வருடம் புல்கூரில் டாங்குகள் பழுதாகி நின்று, இவர்கள் முள்வேலியில் மாட்டிச் செத்தார்கள். டாங்க் என்ற பேச்சையே காதில் வாங்கமாட்டார்கள். சுற்றறிக்கை அனுப்பிச் சரிசெய்கிற விஷயமா இது? பட்டாலியன் பட்டாலியனாகப் பஸ்ஸில் ஏற்றி டாங்குகள் நிற்கும் ஊருக்கு அனுப்பினார். சிப்பாய்கள் டாங்க் மேல் ஏறி விளையாடினார்கள், ஓட்டிப் பார்த்தார்கள், உள்ளே இருப்பவர்களோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்தந்த பட்டாலியனின் நிற அடையாளத்தை அவர்களோடு போகும் டாங்கில் பூசினார்கள். அதற்கப்புறம் அது ‘நம்ம டாங்க்’.

இரண்டாவது சத்தம். டாங்க் நகரும் இரைச்சலை மறைக்க விமானங்களைத் தாழப் பறக்கவிட்டார்கள். மூன்றாவது புகை. அதற்கு முன்னால் பல காலைகளில் விஷவாயுவும் புகையும் கலந்து குண்டு போட்டுப் பழக்கினார்கள். சண்டை நாளன்று வெறும் புகைதான். ஜெர்மானியர்கள் பழக்கத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் உட்கார்ந்திருக்க, ஆஸ்திரேலியர்கள் முகமூடி இல்லாமல் வந்து நின்றார்கள்.

நான்காவது சுமை. பிடித்த இடத்தைத் தக்கவைக்க முள்கம்பி, தகரம், தோட்டா, தண்ணீர் எல்லாம் பின்னாலேயே போக வேண்டும். வழக்கமாகச் சுமைதூக்கும் சிப்பாய்கள் கொண்டுபோய்க் குண்டடி படுவார்கள். இவர் நான்கு டாங்குகளை வெறும் சரக்கு வண்டியாக்கினார். 1200 பேர் தூக்கும் சுமையை அந்த நான்கும் கொண்டுபோயின. முன்னணி இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கு விமானத்திலிருந்து பாராசூட்டில் தோட்டாப் பெட்டி இறங்கியது.

எல்லாவற்றுக்கும் முதுகெலும்பு பீரங்கி. அதிகாலை 3 மணி 10 நிமிஷம். ஆட்களுக்கு முன்னால் குண்டுத் திரை விழுகிறது. மூன்று நிமிஷத்துக்கு 100 கெஜம் என்று முன்னே நகர்கிறது. ஆட்கள் அதன் முதுகிலேயே நடக்கிறார்கள். அவருடைய கடைசி ஆலோசனைக் கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விஷயங்கள். ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் எல்லோர் முன்னிலையிலும் தன் பங்கைச் சொல்லி, கேள்வி கேட்டு, ஒத்துக்கொண்டு போக வேண்டும். கூட்டம் முடிந்தபின் யாரும் எதையும் மாற்றக்கூடாது. போர்த் திட்டத்தை இசைக்குழுவின் ஸ்வரக் குறிப்போடு ஒப்பிட்டு அவரே பிற்பாடு எழுதினார். ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தில் நுழைய வேண்டுமாம். பியானோக்காரர் அப்படிச் சொல்கிறார். எனக்கு அதில் காண்டிராக்டர்தான் தெரிகிறார். “யார் செய்ய வேண்டும்” என்ற கட்டம் காலியாக இல்லாத அட்டவணை.

முந்தைய மாலை எல்லாம் கவிழ இருந்தது. அமெரிக்கப் படையின் கம்பெனிகள் சிலவும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அமெரிக்கத் தளபதி பெர்ஷிங்குக்கு விஷயம் போய், முதலில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்தார். அப்புறம் மிச்சத்தையும் இழுக்கச் சொன்னார். இனி முடியாது, அவர்கள் போகாவிட்டால் சண்டையே இல்லை என்று மோனாஷ் மேலதிகாரியிடம் நின்றுவிட்டார். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க் வரை போய், சரி நடக்கட்டும் என்று வந்தது. ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர்கள் போனார்கள். அது அமெரிக்கச் சுதந்திர தினம்.

அவர் கணக்கு 90 நிமிஷம். ஆனது 93.

பெருமையடிக்கும்போது இதையும் எழுத வேண்டும்: ஆஸ்திரேலியர் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறத்தாழ 1400. அந்தப் போரின் அளவில் இது குறைவு. அந்த அளவுகோலே பயங்கரமானது.

2024 ஜூலை 6, சனி

மச்சான் ஊருக்குக் கிளம்பிவிட்டார். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஹாமெல் சொன்னேன். “அப்ப எஞ்சினியர்தான் மெயின்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மங்கி குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

சொல்லாமல் விட்ட பாதி: ஹாமெலுக்கு இரண்டு நாள் முன்பு ஆஸ்திரேலியப் பிரதமர் ஹியூஸ் அங்கே வந்திருந்தார். சார்ல்ஸ் பீன், கீத் மர்டாக் என்ற இரண்டு பத்திரிகைக்காரர்கள், மோனாஷை நிர்வாகத்துக்கு மாற்றிவிட்டுத் தொழில்முறை அதிகாரியான பிரட்னல் ஒயிட்டைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் காதில் ஓதியிருந்தார்கள். ஒயிட்டுக்கே இதில் பங்கில்லை. ஹியூஸ் தளபதிகளிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் மோனாஷ் என்றார்கள். சண்டை முடிந்தபின் அந்தப் பேச்சு எடுபடவில்லை. தாம் செய்தது தவறு என்று பீன் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். யூதர் என்பதும், விளம்பரப் பிரியர் என்ற பெயரும், முழுநேர அதிகாரி இல்லை என்பதும் அதில் எந்த விகிதத்தில் கலந்திருந்தன? பீன் எழுதி வைத்ததைப் படிக்கும்போது முதலாவது கொஞ்சம் தூக்கலாகவே தெரிகிறது.

2024 ஜூலை 21, ஞாயிறு

நாள் முழுக்க மழை. சைட்டில் சேறு.

1917 அக்டோபர் 12, பெல்ஜியத்தின் பாஷந்தேல். மோனாஷ் அப்போது மூன்றாவது டிவிஷனுக்குத் தலைவர், மேஜர் ஜெனரல். இங்கிலாந்தில் சால்ஸ்பரி சமவெளியில் தானே பழக்கி எடுத்த டிவிஷன். ஜூனில் மெசீனிலும் அக்டோபர் 4-இல் புரூட்சைன்டிலும் நன்றாகச் செய்தது. அப்புறம் மழை. பீரங்கி நகரவில்லை, அடிபட்டவர்களைத் தூக்கிவர ஆள் போதவில்லை. 24 மணி நேரம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேல் சேதம். பிடித்த இடம் கையில் நிற்கவில்லை.

சேற்றுக்கு அட்டவணை புரியாது. இதைச் சொல்ல எனக்குப் போர் தேவையில்லை.

2024 ஆகஸ்ட் 8, வியாழன்

ஜெர்மன் ராணுவத்தின் கறுப்பு நாள் என்று அதன் தளபதி லூடன்டார்ஃப் எழுதிய நாள். 1918 ஆகஸ்ட் 8, காலை 4.20, அடர்ந்த மூடுபனி. அமியானுக்கு முன்னால் சோம் ஆற்றுக்குத் தெற்கே ஆஸ்திரேலியக் கோர், அதன் வலப்பக்கம் கனடியக் கோர், 400-க்கும் மேல் டாங்குகள். மதியத்துக்குள் எதிரியின் பீரங்கிகள் நின்ற இடத்தையும் தாண்டிப் போய்விட்டார்கள். ஆஸ்திரேலியர் மட்டும் பிடித்த கைதிகள் ஏறத்தாழ 8000.

கனடியர்களின் தளபதி ஆர்தர் கறியும் மிலிஷியாவிலிருந்து வந்தவர். போருக்கு முன் மனை வாங்கி விற்கும் தொழில். ஆக அந்தக் காலை பக்கத்துப் பக்கத்தில் நின்ற இந்த இரண்டு கோர்களில் ஒன்று காண்டிராக்டர் கையில், மற்றது ரியல் எஸ்டேட் புரோக்கர் கையில். நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

நான்கு நாள் கழித்து பெர்தாங்கிள் மாளிகையின் முற்றத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மோனாஷை மண்டியிடச் சொல்லி ‘சர்’ பட்டம் கொடுத்தார். பிடித்த பீரங்கிகளைச் சுற்றிலும் நிறுத்தி வைத்திருந்தார்கள். மோனாஷ் இதையெல்லாம் ரசித்து அனுபவிப்பார், மனைவிக்கு நீள நீளமாகக் கடிதம் எழுதுவார். தன் பெருமையைத் தானே சொல்ல வெட்கப்படாதவர். அந்தக் குணம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது பழகிவிட்டது.

2024 செப்டம்பர் 22, ஞாயிறு

ஒரு மாதமாக எழுதவில்லை. வேலை. கொஞ்சம் எழுத மனமில்லாததும் காரணம்.

ஆகஸ்ட் 8-க்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் மோன் சான் கான்தான் மேட்டையும் பெரோன் நகரையும் பிடித்தார்கள். அங்கே அட்டவணை எதுவும் இல்லை; ஆற்றைச் சுற்றிப் போய், திட்டத்தைப் போகப் போக மாற்றி அடித்த சண்டை. ஸ்வரக் குறிப்பு இல்லாமலும் அவருக்கு வாசிக்கத் தெரியும் என்று அன்று காட்டினார். மச்சானின் தீர்ப்பு இங்கேதான் எனக்கு உதைக்கிறது.

ஆனால் ஆட்கள்? தொண்டர் படை, சேர வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சில பட்டாலியன்களில் இருக்க வேண்டியதில் ஒரு சிறு பங்குதான் மிச்சம். செப்டம்பர் 21-இல் முதலாவது பட்டாலியன் ஓய்வுக்குப் போகும் நேரத்தில் திரும்பவும் தாக்கப் போகச் சொன்னபோது, 119 பேர் மாட்டோம் என்றுவிட்டார்கள். அதே நாட்களில் சில பட்டாலியன்களைக் கலைத்து மற்றவற்றோடு சேர்க்க உத்தரவு வந்தது. அவர்கள் கலைய மறுத்தார்கள். கடைசிச் சண்டையையாவது எங்கள் பட்டாலியன் பேரிலேயே போட விடுங்கள் என்று கேட்டார்கள். மோனாஷ் தள்ளிவைத்தார். காண்டிராக்டரோ ஜெனரலோ, அங்கே கொஞ்சம் வளைந்துகொடுத்தார்.

செப்டம்பர் 29, ஜெர்மானியர்களின் ஹிண்டன்பர்க் அரண். முன்னால் அமெரிக்கர்களின் இரண்டு டிவிஷன்கள், பின்னால் ஆஸ்திரேலியர்கள். வடக்குப் பக்கம் அமெரிக்கர்கள் தொடங்கும் கோட்டையே முன்கூட்டிப் பிடிக்க முடியவில்லை. அட்டவணை மட்டும் போட்டபடி ஓடியது. பெரிய குழப்பம், அரண் உடைய மேலும் சில நாள் பிடித்தது. அனுபவமில்லாதவர்கள் தோளில் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றிவிட்டு, பிறகு அவர்களையே குறைசொன்னார் மோனாஷ். பெண்டிகோ பாலத்தை அறிந்தவர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

அக்டோபர் 5-இல் மோன்ப்ரெயென் கிராமத்தோடு ஆஸ்திரேலியக் காலாட்படையின் போர் முடிந்தது. ஆகஸ்ட் 8-இலிருந்து அதுவரை இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஏறத்தாழ 21,000. இன்னும் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாமா, இல்லை விடாமல் அடித்ததால்தான் போர் 1919-க்குப் போகாமல் அந்த வருடமே முடிந்ததா? இரண்டு பக்கமும் படித்தேன். இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் நான் கான்வாஸ் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டு சாய்கிறவன்.

2024 செப்டம்பர் 27, வெள்ளி

கால்பந்து இறுதிப்போட்டிக்காக இங்கே அரசு விடுமுறை. மோனாஷ் ஹைவேயைப் பிடித்துக் கிழக்கே இரண்டு மணி நேரம், லட்ரோப் பள்ளத்தாக்குக்குக் குடும்பத்தோடு போனோம். மகள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை.

போர் முடிந்ததும் படையைக் கலைத்து ஊருக்கு அனுப்பும் பொறுப்பு மோனாஷுக்கே வந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர், கப்பல் பற்றாக்குறை. முதலில் வந்தவன் முதலில் போகட்டும் என்பது அடிப்படை. காத்திருக்கும் நாளில் தொழில் பழகு, படி என்று வகுப்புகள். ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ எல்லோரும் வீடு சேர்ந்தார்கள். அவர் 1919 டிசம்பர் 26-இல் மெல்பர்னில் இறங்கினார். இரண்டு மாதத்தில் மனைவி விக் புற்றுநோயில் இறந்துபோனார்.

அப்புறம் மாநில மின்சாரக் கமிஷனுக்குத் தலைவர். யலோர்னில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி. நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: தோண்டினால் வருவது பாதி தண்ணீர். இங்கே அதைவிட மோசம், மூன்றில் இரண்டு பங்கு ஈரம். சோதித்துப் பார்த்த பழைய சுரங்கத்தின் கரியைவிடப் புதுச் சுரங்கத்தின் கரி ஈரமாக இருந்ததால் கொதிகலன்கள் திணறின. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அவரைக் கிழித்தார்கள். 1924-இல் மெல்பர்னுக்கு மின்சாரம் போய்விட்டது. கரியை உலர்த்தி அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரங்களை ஜெர்மனியிலிருந்தே வாங்கினார். ஆறு வருடம் முன்பு யாரைப் பீரங்கியால் அடித்தாரோ அவர்களிடமே. நல்ல இயந்திரம் எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்கு, அவ்வளவுதான்.

தொழிலாளர்களுக்குத் தோட்ட நகரம் ஒன்றும் கட்டினார்கள். அதைப் பார்க்கத்தான் போனேன். இல்லை. ஊருக்கு அடியிலும் கரி இருந்ததால் 1980-களுக்குள் ஊரையே பெயர்த்துவிட்டுத் தோண்டிவிட்டார்கள். வேலி ஓரமாக நின்றால் தெரிவது ஒரு மகா பள்ளம். அதன் பக்கத்தில் இப்போது ஓடும் மின்நிலையத்தையும் 2028-இல் மூடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். “இதைப் பாக்கவா வந்தோம்?” என்றாள் மகள்.

திரும்பும்போது நினைத்துக்கொண்டது: 1929-இல் அவரை முழு ஜெனரலாக உயர்த்தினார்கள். அடுத்த வருடங்களில் பொருளாதாரம் சரிந்து நாடே தவித்தபோது, நீங்கள் வந்து ஆட்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் அவரிடம் போனார்கள். படை அவர் பேச்சைக் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்ற வேண்டுமென்றால் வாக்குப்பெட்டியில் மாற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார். மின்சாரக் கமிஷன் வேலைக்கு மறுநாள் காலை போயிருப்பார்.

2024 அக்டோபர் 6, ஞாயிறு

அவர் இறந்தது 1931 அக்டோபர் 8, மாரடைப்பு. செவ்வாய்க்கிழமை லீவு கிடைக்காது என்பதால் இன்றே பிரைட்டன் இடுகாட்டுக்குப் போனேன்.

அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பார்க்க இரண்டரை லட்சம் பேர் கூடியதாகச் சொல்கிறார்கள். மெல்பர்னின் அன்றைய மக்கள்தொகைக்கு அது நாலில் ஒருவர். அவ்வளவு கூட்டம் வந்து சேர்ந்த இடம் என்று தேடினால் தாண்டிப் போய்விடுவோம். யூதர்கள் பகுதியில் மற்றக் கல்லறைகளோடு கல்லறையாக இருக்கிறது. சர் இல்லை, ஜெனரல் இல்லை, பெயருக்குப் பின்னால் வால் போலத் தொங்கும் பட்டங்கள் ஒன்றுகூட இல்லை. பெயர் மட்டும் போதும் என்று அவரே சொல்லி வைத்திருந்தாராம். விளம்பரப் பிரியர் என்று பீன் எழுதிய ஆள்.

ஜான் மோனாஷ். அவ்வளவுதான்.

படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். “உங்க கேள்விக்கு இங்கயும் பதில் இல்ல மச்சான், ரெண்டையுமே எழுதல” என்று கீழே போட்டேன். மதுரையில் அப்போது விடிகாலை. நடைப்பயிற்சிக்குக் கிளம்பியிருப்பார். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

“தட்டிப் பாத்தீங்களா?”